பாவில் சிக்கனம் வேண்டாம்

டேப்பஸ்ட்ரி என்பது ஊடை நூலாலேயே, அதாவது குறுக்கே கோக்கும் நூலாலேயே படம் போடும் நெசவு. நெட்டுவாக்கில் கட்டிய பாவு நூல் முழுக்க மறைந்துவிடும், கண்ணில் படுவது ஊடை மட்டும்தான். ஒவ்வொரு நிறமும் கரைக்குக் கரை ஓடாமல் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும். இதைப் பொழுதுபோக்காகக் குறைந்த செலவில் கற்க முடியுமா என்று கேட்டுச் செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தறி வாங்காமல் தொடங்க முடியுமா? முதலில் என்னென்ன வேண்டும்?
– வாசகி, பள்ளத்தூர்

தறி வேண்டாம், ஒரு மரச்சட்டம் போதும். 1½ அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள ரீப்பர் கட்டையில் 18 அங்குலத்தில் இரண்டு, 12 அங்குலத்தில் இரண்டு அறுத்து வாங்குங்கள். குட்டைக் கட்டைகளை நெட்டைக் கட்டைகளின் மேல் வைத்து, மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். படம் மாட்டிய பழைய ஃபிரேம் ஆகாது. ஒரு பாவு இழை 200 கிராம் இழுத்தாலே 38 இழைக்கு ஏழரைக் கிலோவைத் தாண்டிவிடும். பிசினில் ஒட்டிய மூலை ஒரே வாரத்தில் வாயைப் பிளக்கும். காரைக்குடியில் பழைய வீட்டு மரம் விற்கும் கடைகளில் தேக்குத் துண்டு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் காய்ந்த தேக்கில் நேரே ஆணி அடித்தால் பிளந்துகொள்ளும், மெல்லிய துளை போட்ட பிறகே அடிக்க வேண்டும்.

மேல் கட்டையில் 19, கீழ்க் கட்டையில் 20 ஒல்லியான 1 அங்குல ஆணி. ஆணிக்கு ஆணி 8 மில்லிமீட்டர். ஒரே கோட்டில் அடிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று சற்று மேலும் கீழுமாக அடித்தால் மரம் விரியாது. கீழே முதல் ஆணியில் நூலைக் கட்டி, மேலே முதல் ஆணியைச் சுற்றி, கீழே இரண்டாம் ஆணிக்கு வந்து, மறுபடி மேலே போங்கள். கடைசியில் 6 அங்குல அகலத்தில் 38 பாவு நிற்கும், அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 6. இதற்கு 20 மீட்டர் நூல் போதும்.

அந்த 20 மீட்டரில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பூக் கட்டும் நூல், ஊடையைத் தட்டும் முள்கரண்டி பட்டுப் பட்டே பிய்ந்துபோகும். சணலில் ஓர் இடம் தடிப்பு, ஓர் இடம் ஒல்லி, அதனால் அறுவது எப்போதும் ஒல்லியான இடத்தில். மீன்வலை நைலான் அறாது, ஆனால் நாளாக ஆக நீளும், முடிச்சும் வழுக்கும். நன்றாக முறுக்கேறிய, 1 மில்லிமீட்டர் கனமுள்ள பல இழைப் பருத்தி ட்வைன்தான் சரி. கடையிலேயே ஒரு முழத்தை இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அறுந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஊடை எவ்வளவு மலிவாகவும் இருக்கலாம், பாவு அப்படி இருக்கக் கூடாது.

பாவு கட்டும்போது மேல் கட்டையை ஒட்டி இழைகளுக்கு அடியில் ஒரு மூங்கில் சிம்பைச் செருகி வையுங்கள். நெய்ய நெய்யப் பாவு இறுகிக்கொண்டே வரும். விரல் நுழையக் கஷ்டமாகும்போது சிம்பை உருவினால் இறுக்கம் பழைய நிலைக்கு வரும். மற்றபடி ஊடையைத் தட்ட ஓர் இரும்பு முள்கரண்டி, பாவைப் பிரித்து நிறுத்த ஒரு மர ஸ்கேல், ஒரு கோணி ஊசி. கோணி ஊசியின் முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாவின் இழையைக் குத்திப் பிரித்துவிடும்.

எனக்கு 63 வயது. பனை ஓலைக் கொட்டான் பின்னிப் பழக்கம் உண்டு. பேத்தி சொல்லி உல்லன் நூலில் நெய்தேன். 6 அங்குலத்தில் தொடங்கியது நாலரை அங்குலமாகக் குறுகிவிட்டது. கை வாகு போதவில்லையா?
– வாசகி, கோட்டையூர்

கை வாகு கூடிப்போனதுதான் காரணம், ஆச்சி. கொட்டானுக்கு ஓலையை இழுத்து இறுக்க வேண்டும், அப்போதுதான் வாய் நிற்கும். இங்கே அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். ஊடை நேர்கோட்டில் போவதில்லை. ஒவ்வொரு பாவிலும் மேலே ஏறி, கீழே இறங்கிப் போகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கூடுதல் நீளம் வேண்டும். நீங்கள் அதைக் கொடுக்காவிட்டால் ஓரத்துப் பாவை உள்ளே இழுத்து அது தானே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ஊடையைக் கோத்ததும் நேராக வைத்துத் தட்டாதீர்கள். வில்லைப் போல வளைத்து மேலே தூக்கிவிடுங்கள். 6 அங்குல அகலத்துக்கு நடுவில் ஓர் அங்குல உயரம் இருக்கலாம். பிறகு வில்லின் நடுவை விரலால் அழுத்தி இரண்டு மூன்று சின்ன மேடுகளாக்கி, ஒவ்வொன்றாகக் கரண்டியால் தட்டி இறக்குங்கள். மேடு அதிகமானால் ஊடை சுருண்டு குமிழ் குமிழாகத் துருத்தும், குறைந்தால் ஓரம் உள்ளே வாங்கும். நாலைந்து அங்குலம் நெய்தால் அளவு கைக்குப் பிடிபட்டுவிடும்.

உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். உருண்டையிலிருந்து வெடுக்கென்று இழுத்து நெய்தால், நீண்ட நிலையிலேயே துணிக்குள் போய் உட்கார்ந்து, ராத்திரியில் பழைய நீளத்துக்குச் சுருங்கும். காலையில் பார்த்தால் ஓரம் இன்னும் உள்ளே போயிருக்கும்! இரண்டு கை நீட்டும் நீளம் அறுத்து, தளரவிட்டு, பிறகு நெய்யுங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தடவை ஸ்கேல் வைத்து அகலம் பாருங்கள். கால் அங்குலம் குறைந்திருந்தாலும் அதற்கு மேலே நெய்து சரிசெய்ய முடியாது, பிரிப்பதுதான் வழி. பிரித்த நூல் மறுபடி பயன்படும்.

எந்த நூல் மலிவு, எது நல்லது? கண்டாங்கிச் சேலை நெய்யும் நூல் இதற்கு ஆகுமா?
– வாசகர், தேவகோட்டை

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கியில் ஊடை கரைக்குக் கரை ஓடும். கட்டம் விழுவது பாவு நிறமும் ஊடை நிறமும் குறுக்கிடுவதால். டேப்பஸ்ட்ரியில் பாவுக்கு நிறமே தேவையில்லை. இதற்கு நெருங்கிய சொந்தம் என்றால் பவானி ஜமக்காளத்தைச் சொல்லலாம், அங்கேயும் ஊடைதான் பாவை மூடி நிற்கும்.

நெசவு வேறானாலும் கைத்தறி நூல் இதற்கு அருமையாக ஆகும். எங்களைக் கேட்டால் உல்லனைவிட அதையே சொல்வோம். 2/20 என்ற நூல், அதாவது 20-ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் வரும். ஒற்றை இழை இதற்கு மிக மெலிசு, 12 இழையைச் சேர்த்து ஒரே ஊடையாகப் பிடிக்க வேண்டும். இதில்தான் மலிவு நூலின் அழகு இருக்கிறது. 12 இழையும் செங்கல் நிறம், 9 செங்கலும் 3 மஞ்சளும், ஆறுக்கு ஆறு, 3 செங்கலும் 9 மஞ்சளும், 12 இழையும் மஞ்சள். இரண்டே நிறம் வாங்கி ஐந்து சாயல் எடுத்துவிடலாம். விலை கூடிய தடித்த நூலில் ஐந்து சாயலுக்கு ஐந்து நூல்கண்டு வாங்க வேண்டும்.

கண்டாங்கித் தறியில் ஒரு பாவு முடிந்ததும் நுனியில் அறுத்தெடுக்கும் துண்டு நூல் மிஞ்சும். நெசவாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேலைக்கு உதவாத அந்த நீளம் ஒரு சின்ன இலைக்கோ பூவிதழுக்கோ தாராளம்.

திருப்பூர் பனியன் கட்பீஸை அரை அங்குலப் பட்டையாக வெட்டி நெய்யலாம், ஆனால் 38 பாவுச் சட்டத்தில் அது உட்காராது. ஓர் ஆணி விட்டு ஓர் ஆணியில் பாவு கட்டி, அங்குலத்துக்கு 3 அளவில் வைத்தால்தான் பாவு மறையும். பழைய வேட்டியைக் கிழித்த பட்டைக்கும் இதே கணக்கு. ஜரிகையைத் தொடக்கத்தில் தொடாதீர்கள், வழுக்கும்.

எந்த நூலானாலும் ஒரே சோதனைதான். பக்கத்துப் பக்கத்துப் பாவு இரண்டுக்கு நடுவே ஊடையை நெட்டுவாக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றால் சரி. பாவைத் தள்ளினால் தடிப்பு, அதை நெய்தால் பாவு வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். இடம் மிஞ்சினால் மெலிசு, படம் ஏற வெகுநாள் பிடிக்கும், துணியும் அட்டை மாதிரி விறைக்கும்.

அளவுக்கு, சதுர அங்குலத்துக்கு 1 கிராம் ஊடை என்று வாங்குங்கள். 6-க்கு 8 அங்குலத் துண்டுக்கு எல்லா நிறமும் சேர்த்து 50 கிராம். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவை அப்படியே நெய்ய முடியுமா? கட்டம் போட்டுத் தொடங்கினேன், நிறம் மாறும் இடத்தில் எல்லாம் வாய் பிளந்து நிற்கிறது.
– வாசகி, கானாடுகாத்தான்

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒவ்வொரு நிறச் சாந்தை ஊற்றுகிறார்கள். இங்கே நூல் அதே வேலையைச் செய்கிறது. என்ன ஒன்று, சாந்துக்குத் திசை கிடையாது, நூலுக்கு உண்டு.

இரண்டு நிறம் நெட்டுக்கோட்டில் சந்தித்தால், ஒன்று ஒரு பாவில் திரும்பும், மற்றது அடுத்த பாவில் திரும்பும். நடுவில் பிணைப்பு இல்லை, அதனால்தான் அந்த வாய். அரை அங்குலம் வரை விட்டுவிடலாம், கண்ணுக்கு ஒரு மெல்லிய நிழலாகத்தான் தெரியும். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் பின்பக்கம் அதே நிற நூலால் தைத்துவிடுங்கள். அல்லது நெய்யும்போதே இரண்டு ஊடையையும் ஒன்றையொன்று கோத்துத் திருப்புங்கள். காஞ்சிபுரம் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் இணைவது இப்படித்தான். அதைவிட எளிய வழி, படத்தையே கால் திருப்பு திருப்பிப் போடுவது. நெட்டுக்கோடு படுக்கைக்கோடாகிவிட்டால் வாயே விழாது. முடித்ததும் துணியைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

சாய்கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 இழை ஊடையில், இரண்டு தடவை போய்வந்ததும் ஒரு பாவு தள்ளிக்கொண்டு போனால் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வு வரும். ஒரு தடவைக்கு ஒரு பாவு தள்ளினால் படுத்துக்கொள்ளும், நாலு தடவைக்கு ஒன்று என்றால் நிமிர்ந்து நிற்கும். நான்கு சதுரமும் நடுவில் ஒரு வைரமும் உள்ள ஆத்தங்குடிக் கட்டத்தை முதலில் எடுங்கள். வட்டப் பூ அடுத்த படி.

வட்டத்துக்கு ஒரு விதி உண்டு. நெய்யாத இடத்தின் மேல் கவிந்து நிற்கும் எதையும் முதலில் நெய்யக் கூடாது. கவிந்தால் அதற்கு அடியில் கரண்டியே நுழையாது. ஆகவே வட்டத்தின் கீழ்ப் பாதிக்குப் பின்னணியை முதலில் இரண்டு பக்கமும் கிண்ணம் போல் ஏற்றுங்கள், பிறகு கிண்ணத்தை வட்ட நிறத்தால் நிரப்புங்கள். நடுவைத் தாண்டியதும் முறை மாறும். வட்டத்தை முதலில் குவித்து முடித்து, அப்புறம் பின்னணி. இந்த 6 பாவு நெருக்கத்தில் 2 அங்குலத்துக்குக் குறைந்த வட்டம் படிக்கட்டாகத்தான் தெரியும். சின்ன மொட்டுகளை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உங்கள் துண்டில் நடந்திருக்கலாம். நிறம் சேரும் இடத்தில் இரண்டு பாவு சேர்ந்தாற்போல் ஒரு தடித்த கோடு வருகிறதா? அடுத்தடுத்த இரண்டு ஊடையும் ஒரே திசையில் போயிருக்கின்றன. ஒன்று இடமிருந்து வலம் போனால், அதே வரிசையில் பக்கத்து நிறம் வலமிருந்து இடம் வர வேண்டும். எதிரெதிராகப் போனால் எல்லையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மேல் கீழ் முறை மாறாது. ஒவ்வொரு புது நிறத்தைத் தொடங்கும்போதும் இதைப் பார்த்துவிட்டே நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு நூல் சாயம் விடுமா? உப்பில் ஊறவைத்தால் போதுமா?
– வாசகி, கண்டனூர்

விடும், மலிவான சிவப்பும் அரக்கும் முதலில் விடும். உப்பு புதிதாகச் சாயம் ஏற்றும்போது உதவும். ஏற்கெனவே ஏற்றிய நூலில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தை அது பிடித்துவைக்காது. பருத்தி நூலைப் பெரிய வளையமாக, அதாவது சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, சுடுநீரும் சோப்பும் போட்டுத் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். பிறகு ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். இன்னமும் கறை விழுந்தால் அந்த நூல் வெள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கடையில் டேப்பஸ்ட்ரி என்று கான்வாஸ் துணியும் ஊசியும் தருகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், புதுவயல்

இல்லை, அது துணி மேல் ஊசியால் போடும் தையல். பெயர்க் குழப்பம் பழையது. பிரான்ஸில் இருக்கும், சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பேயூ டேப்பஸ்ட்ரிகூட உண்மையில் லினன் துணி மேல் கம்பளி நூலால் தைத்த எம்பிராய்டரிதான்.

முடித்ததை எப்படி அறுத்து மாட்டுவது? எங்களுடையது சுண்ணாம்புச் சுவர் வீடு.
– வாசகி, அரியக்குடி

படம் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் பாவு நூலாலேயே அரை அங்குலம் நெய்திருக்க வேண்டும், அதுதான் காப்பு. ஆணியிலிருந்து பாவு முழுவதையும் ஒரே வீச்சில் கழற்றாதீர்கள். இரண்டிரண்டாக எடுத்து, நெசவை ஒட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே வாருங்கள். காப்புப் பட்டையைப் பின்பக்கம் மடித்துத் தைத்தால் முடிச்சு உள்ளே மறையும்.

பருத்தித் துண்டானால் பின்பக்கம் ஈரத்துணி போட்டு இஸ்திரி போடலாம். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, இளகிப் பளபளவென்று தட்டையாகிவிடும். அதைத் தண்ணீர் தெளித்து, பலகையில் குண்டூசி குத்தி விரித்துக் காயவிட்டால் போதும்.

மாட்டுவதற்குப் பின்பக்க மேல் ஓரத்தில் ஓர் அங்குலத் துணிப் பட்டையைக் குழாய் போலத் தைத்து, அதற்குள் ஒரு கம்பு. அந்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் சில்லுச் சில்லாகப் பெயரும், அதே பூச்சை மறுபடி பூச இன்று ஆள் தேட வேண்டும். நிலைக்கதவின் சட்டத்திலோ உத்தரத்திலோ கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். வளவு முற்றத்து வெயில் நேரே விழும் பக்கம் மட்டும் வேண்டாம், சாயம் வெளிறிவிடும்.