கண்ணாடியில் ஊர்வது என்ன? – நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஆக்ஸலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் ஒரு வகைச் சாலமாண்டர்) வளர்ப்பவர்களுடையது. "தொட்டியில் ஏதோ நெளிகிறது, எந்த மருந்து வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நெளிவது எப்படி இருக்கிறது என்று உருப்படியாக எழுதியவர்கள் சிலரே.

கேள்வி: மணலில் முடி போல வெள்ளைப் புழுக்கள். கிளறினால் தண்ணீரில் ஆடி ஆடி மிதக்கின்றன. கடையில் படத்தைக் காட்டினேன். புழு மருந்து, தண்ணீரைத் தெளிய வைக்கும் திரவம், 'நல்ல பாக்டீரியா' என்று மூன்று பாட்டிலைக் கையில் கொடுத்து 640 ரேண்ட் வாங்கிவிட்டார்கள். எதை முதலில் ஊற்ற வேண்டும்? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ஒன்றையும் ஊற்றாதீர்கள் அக்கா. அது கழிவுப் புழு, மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம். நூல் போன்ற உடல், கணுக்கணுவாக இருக்கும், தலை எது வால் எது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் வளைந்து வளைந்து நீந்தும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு ஊராது. ஆக்ஸலாட்டலுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கும். கண்ணில் படும் அளவுக்குப் பெருகினால் மணலுக்குள் மிச்சத் தீவனம் அழுகுகிறது என்று அர்த்தம். மணலை விட்டு நீர்மட்டத்துக்கே ஏறி வந்தால் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம்.

வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை தீவனம் போதும். போட்டு அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சைஃபன் குழாயால் மணலின் பாதிப் பரப்பில் மட்டும் அழுக்கை உறிஞ்சி, 20–25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். மறுபாதி அடுத்த வாரம். கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே நின்றால் சரியான வழியில் போகிறீர்கள். புழு தானாகக் குறையும்.

பணத்துக்கு வருவோம். இன்ன தேவைக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. நீங்கள் படம் காட்டித்தானே கேட்டீர்கள்? மூடி திறக்காத பாட்டில்களோடும் ரசீதோடும் போய் அதையே சொல்லுங்கள்.

கேள்வி: ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடுகின்றன. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். – டொங்காட்

பதில்: சைக்ளாப்ஸ், இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான குட்டி உயிர். பிள்ளைகள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். பெண்ணுக்கு வாலருகில் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். குஞ்சு ஆக்ஸலாட்டலுக்கு அது பொரி. செலவு: சுழியம்.

கேள்வி: புழுவைப் பார்த்ததும் தொட்டி முழுவதையும் காலி செய்தேன். மணலைக் கொதிக்க வைத்தேன். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் நன்றாக அலசினேன். இப்போது புழு இல்லை, ஆனால் ஆக்ஸலாட்டலின் செவுள் சுருங்கிக்கொண்டே வருகிறது. அம்மோனியா 2 காட்டுகிறது. புழு விஷம் கக்கிவிட்டதா? – லெனேசியா

பதில்: புழு ஒன்றும் கக்கவில்லை தம்பி. கழிவைச் செரித்துக்கொண்டிருந்த பாக்டீரியா அந்தப் பஞ்சிலும் மணலிலும்தான் குடியிருந்தது. ஒன்றை வேகவைத்தீர்கள், இன்னொன்றுக்குக் குளோரின் காட்டினீர்கள். உங்கள் ஊர்க் குழாயில் வருவது ராண்ட் வாட்டர் தண்ணீர், அதில் குளோரமின் சேர்க்கிறார்கள். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பாட்டி வைத்தியம் குளோரமினிடம் பலிக்காது. குளோரமினை முறிக்கும் கண்டிஷனர் திரவம் கட்டாயம் வேண்டும், அதுவும் கற்றாழைச் சாறு சேராததாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்றே ஆக்ஸலாட்டலை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். தினமும் முழுத் தண்ணீரும் மாற்ற வேண்டும், கண்டிஷனர் போட்டு, பழைய தண்ணீரின் அதே சூட்டில். 16 முதல் 18 டிகிரி நல்லது. பெரிய தொட்டியில் ஃபில்டர் ஓடட்டும். பாக்டீரியா மறுபடி குடியேற அம்மோனியாதான் தீனி: அதை 2 பிபிஎம் வரை ஏற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியத்துக்கு இறங்கும் நாள்வரை காத்திருங்கள். நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். இனி பஞ்சை அலசுவதானால் தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ வழுக்கிக்கொண்டு போகிறது. அம்பு முனை போலத் தலை, அதில் இரண்டு புள்ளி. 'எல்லாப் பூச்சிக்கும், மீனுக்குப் பாதுகாப்பு' என்ற பாட்டில் வாங்கலாமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. அது பிளனேரியா என்ற தட்டைப் புழு. வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்குப் பெரிய ஆபத்தில்லை, முட்டை இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். கண்ணாடியிலேயே நசுக்காதீர்கள், துண்டுக்கு ஒரு புழு வளரும். ஒரு கண்ணாடிப் பாட்டில் மூடியில் 2–3 மில்லிமீட்டர் துளை போட்டு, உள்ளே பச்சை இறால் துண்டு வைத்து, விளக்கை அணைத்தபின் மணலில் படுக்க வையுங்கள். பாட்டில் ஆக்ஸலாட்டலின் தலையைவிடப் பெரிதாக இருக்கட்டும், வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கிப் பார்க்கிற ஜீவன் அது. விடிந்ததும் எடுத்து வெந்நீரில் கொட்டுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும், தீவனத்தையும் குறைக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட மருந்துப் பாட்டில் விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. பெட்டியில் நீல மீன் படம், தங்க எழுத்து, 'சர்வ பூச்சி நிவாரணி'. திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே என்ன மருந்து என்று ஒரு வரி இருக்காது. மீனுக்குப் பாதுகாப்பு என்றால் நமக்கென்ன? ஆக்ஸலாட்டல் மீனே அல்ல. மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ நீர்நிலைகளில் வாழும் சாலமாண்டர். செதில் கிடையாது, தண்ணீரில் கரைந்தது தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். நத்தையையும் புழுவையும் கொல்லச் செம்பு சேர்ப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம், அது நீர்நில வாழ்விகளுக்கு நஞ்சு. பிளனேரியாவுக்கென்றே விற்கும் சில பொடிகளில் சாரமாக இருப்பது நம் தாம்பூலத் தட்டிலுள்ள பாக்கு, இன்னும் சிலவற்றில் ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து. பெயர் எழுதியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி அளவு கேட்கலாம். எழுதாத பாட்டிலுக்கு எந்த மருத்துவர் அளவு சொல்வார்? என் அலமாரியிலும் தங்க எழுத்துப் பாட்டில் ஒன்று உண்டு, 210 ரேண்ட், இன்றுவரை திறக்கவில்லை.

பொறி பலிக்காமல் மருந்துக்கே போவதானால், முதலில் லிட்டர் கணக்கைப் போடுங்கள். 90 செ.மீ. நீளம், 45 அகலம், தண்ணீர் 40 உயரம்: பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 162 லிட்டர், மணலுக்குக் கொஞ்சம் கழியுங்கள். ஆக்ஸலாட்டலை வெளியே எடுத்துவிட்டுத்தான் மருந்து. செத்த புழுவால் அம்மோனியா ஏறும், ஆகவே பாதித் தண்ணீர் மாற்றி, மருந்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, அம்மோனியா சுழியமான பிறகே திரும்ப விடுங்கள். பாக்குப் பொடி போட்ட தொட்டியில் நத்தை வளர்க்கும் ஆசையை நெடுநாள் மறந்துவிடுங்கள்.

கேள்வி: இணையக் கடையில் 380 ரேண்டுக்குச் செடி வாங்கினேன். 'பூச்சியற்றது, உத்தரவாதம்' என்று போட்டிருந்தார்கள். பத்தாம் நாள் ஆக்ஸலாட்டலின் கழுத்தில் அட்டை ஒட்டியிருந்தது. "உயிருள்ளவற்றுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம்" என்கிறார்கள். நான் ஓய்வூதியக்காரன். – ஃபீனிக்ஸ்

பதில்: ஐயா, உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. முதலில் பிராணி. பிடுங்காதீர்கள், தோல் கிழியும். அயோடின் சேராத உப்பு, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, குளிர்ந்த கண்டிஷனர் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். அட்டை கழன்று விழுந்துவிடும். ஆக்ஸலாட்டல் துடித்தால் அப்போதே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். தொட்டியில் மற்ற அட்டைகளும் இருக்கலாம்: இரண்டு முனையிலும் உறிஞ்சி, சாண் அளப்பது போல வளைந்து நடக்கும். நத்தையை மட்டும் தின்னும் சிறிய அட்டை இனங்களும் உண்டு, ஆனால் உடம்பில் ஒட்டியது அந்த ரகமல்ல.

இனி பணம். 'திருப்பித் தர மாட்டோம்' என்று எழுதி வைத்தால் சட்டம் செத்துவிடாது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பழுது நீக்கமா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள், அனுப்பும் செலவு அவர்களுடையது: அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் விதியைப் பிடிக்காதீர்கள், நாள் தாண்டிவிட்டது, கெட்டுப்போகும் பொருளுக்கு அதில் விலக்கும் உண்டு. 'பூச்சியற்றது' என்ற விளம்பரத்தையும், அளவுகோல் வைத்து எடுத்த அட்டையின் படத்தையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) முறையிடுங்கள், உங்களுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவச் செலவு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செடியை நான்கு வாரம் தனி வாளியில் வையுங்கள். அல்லது வாசனையில்லாத ஜிக் ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு, அதில் இரண்டு நிமிடம் முக்கி, அலசி, கண்டிஷனர் இரண்டு மடங்கு போட்ட தண்ணீரில் ஊற வையுங்கள். மெல்லிலைச் செடி இதில் கருகிவிடும்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று 30 குட்டித் தங்கமீன் வாங்கி நேரே தொட்டியில் விட்டேன். இப்போது ஆக்ஸலாட்டலின் செவுளருகில் ஒரு நூல் தொங்குகிறது, நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. – மெரிபேங்க்

பதில்: நங்கூரப் புழு. மீனோடு இலவசமாக வந்தது. தலை சதைக்குள் கொக்கி போட்டிருக்கும், இழுத்தால் அறுந்து புண் சீழ்பிடிக்கும், ஆகவே மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் கட்டணத்துக்கு இன்னும் எத்தனை மீன் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். போதாததற்குத் தங்கமீனில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி வேறு. தீவனம் என்றால் மண்புழு: மருந்து தெளிக்காத தோட்டத்தில் தோண்டி, அலசி, நறுக்கிக் கொடுங்கள். உரக்குழிச் சிவப்புப் புழு கசக்கும், பல ஆக்ஸலாட்டல்கள் துப்பிவிடும்.

கேள்வி: நத்தை பெருகிவிட்டது. தின்பதற்கு ஒரு லோச் மீன் வாங்கட்டுமா? – வெருலம்

பதில்: வேண்டாம். நத்தையை விட்டுவிட்டு ஆக்ஸலாட்டலின் செவுளைக் கொத்தப் போகலாம். விளக்கணைத்ததும் ஒரு வெள்ளரித் துண்டு, விடியும்போது நத்தையோடு வெளியே. இரண்டு ரேண்ட்.