வாடகைக்குப் போகும் முன் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆய்வுப் பதிவைப் பார்க்க வழி உண்டா?

கேள்வி கேட்டவருடைய அண்ணன் நியூயார்க்கில் இருக்கிறாராம். அங்கே கட்டட முகவரியைத் தட்டினால் போதும், அதன் மேல் வந்த புகார்கள், ஆய்வாளர் எழுதிப் போன விதிமீறல்கள் எல்லாம் திரையில் வந்துவிடுமாம். தண்டையார்பேட்டையில் வீடு தேடும் தனக்கு அப்படி ஒன்று உண்டா என்கிறார்.

இல்லை. நம் ஊரில் கட்டடத்துக்குக் காகிதம் எல்லாம் கட்டும்போதுதான். ஆட்கள் குடிவந்த பிறகு, இருபது முப்பது வருஷம் கழித்து யாரும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து எழுதி வைப்பதில்லை. விழுந்தால் வருவார்கள். ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான்.

2021 பிப்ரவரி. விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய மாதம். எனக்குப் பாரிமுனையில் கிளியரிங் ஆபீஸ் வேலை, ராயபுரத்தில் இருந்த வீடு போதவில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. வாடகை 11,000. நானும் உங்களைப் போலத்தான், தண்ணி வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். கூட வந்த மாமியார்தான் சமையலறையில் நின்று, "மாப்ள, வூடு பூரா பழைய பெயின்ட்டு, இந்த ரூமுல மட்டும் ஏன் புதுசு?" என்றார். அவர் எதிலும் குறை சொல்பவர் என்று எனக்கு நினைப்பு. அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அந்த டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய பிளாக் ஒன்று சரிந்தது. இருபதுக்கு மேற்பட்ட வீடுகள். விரிசலைப் பார்த்துப் பயந்து ஜனங்கள் சற்று முன்னால் வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அன்று இரவு இந்தப் பக்கம் எத்தனை பேர் தங்கள் வீட்டு மேல்தளத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்களோ. நானும் பார்த்தேன். சமையலறையில், புதுப் பெயின்ட்டுக்கு அடியில், கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடும் திசையிலேயே மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று. ஓனரிடம் சொன்னேன். "அது வெறும் பெயின்ட்டு வெடிப்பு தம்பி" என்றார். நம்புவதுதான் வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

அடுத்த மழைக்காலம், 2022 நவம்பர், விடியற்காலை. டமார் என்று சத்தம். கிரைண்டர் மேல் ஒரு முழம் நீளத்துக்குச் சிமெண்ட் பாளம் விழுந்து கிடந்தது. முந்தின ராத்திரி என் மனைவி மாவாட்டிய இடம். மேலே பார்த்தால் கம்பி வெளியே தெரிகிறது. விரலால் தொட்டேன், துரு ஏடு ஏடாக, வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது. அப்புறம் வந்த மேஸ்திரி சொன்னார்: கடல் பக்கம், உப்புக்காத்து, மொட்டை மாடியிலிருந்து தண்ணி வேறு இறங்கியிருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும், முன்னைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்தே சிமெண்டை நெட்டித் தள்ளிவிடும். ஏற்கெனவே ஒருதடவை பேர்ந்து விழுந்ததைத்தான் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டில் இட்லி விற்கும் ஆயா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "உனக்கு மின்னாடி ரெண்டு குடும்பம் இதுக்குத்தான் காலி பண்ணிச்சு நைனா." ஏன் ஆயா முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "நீ எங்க கேட்ட?"

கேட்கவில்லைதான். ஆகவே உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் அந்த ஆயா. அந்தக் கட்டடத்தில் ரொம்ப நாளாகக் குடியிருப்பவர் யாரோ அவரிடம் போய், ஓனரும் புரோக்கரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், மேல்வீட்டை ஏன் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். நியூயார்க் இணையதளத்தில்கூட அவ்வளவு விவரம் இருக்குமா தெரியவில்லை.

காகிதத்துக்கு வருவோம். கோபத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். சென்னையில் திட்ட அனுமதி கொடுப்பது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), சின்னக் கட்டடம் என்றால் மாநகராட்சி. வரைபட நகல் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று கைவிரிக்க வாய்ப்பு உண்டு. அதனால் நான் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை மாடிக்கு அனுமதி, எத்தனை வீட்டுக்கு அனுமதி? பதில் வந்தது: கீழே தூண் மட்டும் நிறுத்திய பார்க்கிங், மேலே இரண்டு மாடி, நான்கு வீடு. நான் குடியிருந்ததோ மூன்றாவது மாடி! மாடிப்படிக்குக் கீழே போய் இ.பி. மீட்டரை எண்ணினேன், ஒன்பது. இதற்கு மனுவே தேவையில்லை. அனுமதிக் கடிதத்தின் நகலை ஓனரிடம் கேளுங்கள், மீட்டர் பெட்டிகளை எண்ணுங்கள், கணக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நகல் கேட்டதும் அவர் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான். கொஞ்சம் பெரிய கட்டடம் என்றால், அனுமதிப்படிதான் கட்டி முடித்தார்கள் என்று சொல்லும் நிறைவுச் சான்றிதழ் இருக்கும், அதையும் கேட்கலாம். லிஃப்ட் இருந்தால் மின் ஆய்வுத் துறை கொடுக்கும் உரிமம் வேண்டும், தேதியைப் பாருங்கள்.

மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுத்துப் போகியத்துக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும், சொத்தின் மேல் பதிவான அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்றை விடாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், சர்வே எண்ணோ பத்திர எண்ணோ இருந்தால் போதும். ஐந்து லட்சம், ஆறு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த பிறகு, கதவில் பேங்க் நோட்டீஸ் ஒட்டிய கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

"காகிதம் இருந்தால் கட்டடம் விழாதா?" என்று யாராவது வருவீர்கள். விழும். 2014 ஜூன் 28-ஆம் தேதி மவுலிவாக்கத்தில் 61 பேரைக் கொன்ற பதினோரு மாடிக் கட்டடம் திட்ட அனுமதி வாங்கிக் கட்டப்பட்டதுதான். அதனால்தான் மேல்தளத்தையும் தட்டிப் பாருங்கள் என்கிறேன். துடைப்பக் கட்டையின் நுனி போதும். கெட்டியாக இருந்தால் கணீரென்று கேட்கும். பூச்சு விட்டிருந்தால் பொக்கென்று கேட்கும், காலிப் பானையைத் தட்டின மாதிரி. ஓனர் முன்னால் தட்டக் கூச்சமாக இருந்தால் மாமியாரைக் கூட்டிப் போங்கள்.

எல்லா ஹவுஸ் ஓனரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என் சித்தப்பாவே வியாசர்பாடியில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர், மழைத்தண்ணி இறங்காமல் இருக்க மொட்டை மாடிக்கு ஓடு போட்டவர். நான் பேசுவது என் ஓனரைப் பற்றி மட்டும்.

அவரைப் பற்றி எடுத்ததும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். காலி செய்தபோது அட்வான்ஸில் 15,000 பிடித்துக்கொண்டார். பெயின்ட் அடிக்கவாம்! பேர்ந்து விழுந்த தளத்துக்கு அடிக்கப் போகும் பெயின்ட்டுக்கு நான் காசு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, அதன் இரண்டாம் அட்டவணையில் வெள்ளையடிப்பதும் கட்டட ரிப்பேரும் ஓனர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரிச் சில்லறைதான் நம் தலையில். அட்வான்ஸும் மூன்று மாத வாடகைதான், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டால் தவிர என்று ஒரு வாலோடு. (வக்கீல்கள் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம், எனக்கும் தெரியும்.) ஏன் கேஸ் போடவில்லை என்றால், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், நான் பதியவில்லை. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? வாடகை, அட்வான்ஸ், பெயின்ட் என்று ஊர் வழக்கம் எல்லாமே குடியிருப்பவன் தலையில்தான் விடிகிறது.

சரி, உங்கள் விஷயம். பார்த்திருக்கும் வீடு எந்த மாடி என்று எழுதவில்லை. கடைசி மாடியாக இருந்தால், டோக்கன் கொடுக்கும் முன் ஒருதடவை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். சாவி இல்லை என்பார்கள். ஆயாவிடம் ஒன்று இருக்கும்.