வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி ஓட்டலாமா?

காரைக்குடியில் பள்ளத்தில் விட்டதில் சைக்கிள் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) வளைந்துவிட்டது, பட்டறையில் நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, லேசான வளைவு என்றால் கைதேர்ந்தவர் நிமிர்த்துவதுண்டு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். நிமிர்த்தும்போதே விரிசல் விடலாம், சூடாக்கினாலோ வெல்டிங் வைத்தாலோ பலமும் குறையும். யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஃபோர்க்கின் கழுத்தடியில் படிந்த செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நகத்தால் தடவுங்கள். நம் ஊர்ப் புழுதி எதையும் மறைத்துவிடும்! பெயின்ட் சுருங்கியிருந்தாலோ, முடி போன்ற கோடு நகத்தில் தட்டினாலோ, இரும்பானாலும் அது கழிவுதான்.

ரிம் (சக்கர வளையம்) லேசாகக் கோணியிருந்தால் இவ்வளவு பயம் வேண்டாம், கம்பிகளை முறுக்கி எடுத்துவிடலாம். ஆனால் ஃபோர்க் முறிந்தால் முகம்தான் தரையில் மோதும்.