நிறுவன வேலைக்குப் போய்விட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறேன். பெரிய நிறுவனமொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பேராசிரியர் பணிக்கு வர வழி இருக்குமா?

பதில்: இருக்கும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் யான் லெகூன் 1988இல் ஏ.டி.&டி. தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது 2003இல். கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் மைட்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போனார். நிறுவனத்தில் செய்த வேலையை இருவருமே கட்டுரைகளாக வெளியிட்டிருந்தார்கள். தேர்வுக் குழுவின் கண் முதலில் போவது அங்கேதான்.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கட்டுரை வெளியிட அனுமதி உண்டா, யார் ஒப்புதல் தரவேண்டும், எத்தனை நாளாகும்? வாய்மொழி உறுதி போதாது; உங்களை எடுத்த மேலாளர் மாறினால் அதுவும் அவரோடு போய்விடும். காப்புரிமை விண்ணப்பம் போடும்வரை கட்டுரையை நிறுத்திவைப்பது வழக்கம். பல நாடுகளில் முன்கூட்டியே வெளியான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதே காரணம். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பவேண்டிய கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒப்புதலுக்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். வேலையில் நீங்கள் கண்டுபிடிப்பது நிறுவனத்துக்கே சொந்தம் என்று சொல்லும் கண்டுபிடிப்பு உரிமை ஒப்பந்தத்தில், சேரும் முன்பே நீங்கள் உருவாக்கியவற்றைக் குறிக்க 'முந்தைய கண்டுபிடிப்புகள்' என்றொரு பட்டியல் இருக்கும். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆய்வேட்டில் எழுதிய மென்பொருளை அங்கே பெயர் சொல்லிக் குறியுங்கள். அதன் உரிமையில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருக்கலாம். அதையும் இப்போதே விசாரியுங்கள்.

ஆய்வுப் பிரிவா, பொருள் உருவாக்கும் பிரிவா என்பது சம்பளத்தைவிட முக்கியம். இரண்டாவதில் ஆழமான வேலை நிறைய நடக்கும், ஆனால் வெளியே காட்டக் கிடைப்பது குறைவு. அங்கே போவதானால் திறந்த மூல மென்பொருளிலோ மாநாட்டு மதிப்பாய்வுக் குழுக்களிலோ உங்கள் பெயர் தொடர்ந்து தெரியட்டும்.

திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பரிந்துரைக் கடிதங்களில். மூன்று முதல் ஐந்து வரை கேட்பார்கள். கூட வேலை பார்ப்பவர் ரகசியக் காப்பு விதியால் "மிகத் திறமையானவர்" என்பதற்குமேல் எழுத முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட கடிதத்தால் பயனில்லை. உங்கள் கட்டுரைகளை வாசித்து, அதே துறையில் இயங்கும் வெளி ஆய்வாளர்கள் இரண்டு பேரையாவது ஆண்டுதோறும் தொடர்பில் வைத்திருங்கள். நிறுவனம் அனுமதித்தால் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் நடத்துங்கள், விண்ணப்பத்தோடு தரும் கற்பித்தல் அறிக்கைக்கு அது உதவும்.

நேர்முக உரையில் இன்னொரு சறுக்கல்: எத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்றே பேசிவிட்டு, எந்த ஆய்வுக் கேள்விக்கு விடை கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது. அடுத்த ஐந்தாண்டில் மாணவர்களோடு என்ன செய்வீர்கள் என்பதற்கும் திட்டம் வேண்டும்.

வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நவம்பர், டிசம்பரில் விண்ணப்பித்தால் பணியில் சேர்வது பெரும்பாலும் அடுத்த ஆகஸ்ட் வாக்கில். சம்பளத்தோடு தரப்படும் நிறுவனப் பங்குகள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகத்தான் கைக்கு வரும்; இடையில் விலகினால் மிச்சம் போய்விடும். விலகும் தேதியை இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.