குட்டிப் பொம்மைப் படைக்குச் சீக்கிரமாகப் பெயின்ட் அடிப்பது எப்படி? 40 சிப்பாய்கள் இருக்கிறார்கள், நான் இதுவரை தூரிகை பிடித்ததே இல்லை

என் முதல் சிப்பாய்க்கு எட்டு நாள் ஆனது. உயரம் 28 மி.மீ., சுண்டுவிரலில் பாதி. கோட்டுக்குப் பொத்தான் வைத்தேன், கண்ணுக்குக் கருவிழி வைத்தேன். மேசையில் நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தால் பொத்தானையும் காணோம், விழியையும் காணோம். சிவப்பாக ஒரு புள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். பெட்டியில் இன்னும் 59 பேர் பாக்கி. அதே வேகத்தில் போனால் ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஆகும்.

நான் கடலூர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்தாரே, அந்தப் பிரெஞ்சுப் படைதான் என்னுடையது. மேசைப் போர் விளையாட்டில் எதிரே நிற்கும் ஆங்கிலேயப் படை நண்பனிடம். அவன் அப்போதே பாதி முடித்திருந்தான், அந்த வயிற்றெரிச்சல் வேறு.

வழி கிடைத்தது வண்டிப்பாளையத்தில். நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை வாங்க அம்மாவோடு போயிருந்தேன். ஒரு அக்கா முப்பது செட்டியார் பொம்மைகளை வரிசையாக வைத்துக்கொண்டு எல்லாருக்கும் உடம்பு நிறம் மட்டும் அடித்துக்கொண்டு போனார். கடைசிச் செட்டியாருக்கு வரும்போது முதல் செட்டியார் காய்ந்திருந்தார். மறுபடி முதலிலிருந்து வேட்டி. கண் கடைசியில், அதுவும் வீட்டுப் பெரியவர் கையால்தானாம். என் எட்டு நாள் கதையைச் சொன்னேன். "ஒரு செட்டியாரை முடிச்சுட்டு அடுத்தவரை எடுத்தா தீபாவளிக்குத்தான் கொலு வைக்கணும் தம்பி" என்றார்.

உங்களுக்கும் அதேதான். ஆளை முடிக்காதீர்கள், நிறத்தை முடியுங்கள். ஆனால் 40 பேரையும் ஒரேயடியாக எடுத்து வைக்காதீர்கள். நாற்பது பேருக்குக் கால்சட்டை அடிப்பதற்குள் உங்களுக்கே வெறுத்துவிடும். பத்துப் பேர் போதும். பத்தாவது ஆளைத் தொடும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான், கையும் சும்மா இருக்காது. சோடா பாட்டில் மூடிகளில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் போட்டு ஆளுக்கொரு மூடியில் நிறுத்திக்கொள்ளுங்கள். பொம்மையை விரலால் தொடவே வேண்டாம்.

பாதி வேலை பிரைமரிலேயே, அதாவது முதலில் பூசும் அடிப்பூச்சிலேயே, முடிந்துவிடும். உங்கள் படையில் எந்த நிறம் அதிகமோ, பிரைமரையே அந்த நிறத்தில் வாங்குங்கள். என் லொரேன் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு. வெள்ளை பிரைமர் அடித்து, மேலே தண்ணீராகக் கரைத்த பழுப்பு வாஷ் ஓடவிட்டேன். மடிப்புகளில் பழுப்பு தங்கியது, மேடுகள் வெள்ளையாகவே நின்றன. கோட்டு முடிந்தது! லாலியின் சொந்த ரெஜிமென்ட் அயர்லாந்துக்காரர்கள், பிரெஞ்சுப் பக்கம் நின்றாலும் சிவப்புக் கோட்டு. மேசையில் நண்பனின் ஆட்களோடு கலந்துவிட்டால் யார் யார் என்று எங்களுக்கே குழம்பும்.

ஸ்பிரே பிரைமர் என்றால் நம் ஊர் காற்றை நினைவில் வையுங்கள். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட அரைமணியில் மொட்டை மாடிக்குப் போய் அடித்தேன். காற்று முழுக்க ஈரம். பன்னிரண்டு பேர் மேலும் வறுத்த ரவை தூவியது போலச் சொரசொரப்பு. வெயில் ஏறிய பிறகு, டப்பாவை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். மழைக்காலம் முழுக்க நான் தூரிகையால் பூசும் பிரைமர்தான்.

கெட்டுப்போனதைச் சுரண்ட தின்னரோ நகப்பூச்சு அழிப்பானோ எடுக்காதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும். தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறப்போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயின்ட் உரிந்து வரும். அலசுவதும் முதலில் டெட்டாலிலேயே. நேராகத் தண்ணீரில் போட்டால் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். பெயின்ட் போன பிறகு சோப்புத் தண்ணீர். வீடு இரண்டு நாள் ஆஸ்பத்திரி போல மணக்கும், திட்டு வாங்கத் தயாராக இருங்கள்.

பெயின்ட்டை நீர்மோர் பதத்துக்குக் கரையுங்கள். இட்லி மாவு பதத்தில் அடித்தால் மூக்கு, விரல் எல்லாம் மூடிப்போகும். மெல்லிசாக இரண்டு பூச்சு. தூரிகை 2-ஆம் எண், நுனி கூராக இருந்தால் போதும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் முடி போல மெல்லியதைத்தான் வாங்குகிறோம். அதில் பெயின்ட் நிற்காது, பொம்மையைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும்.

உள்ளேயிருந்து வெளியே வாருங்கள். தோல், கால்சட்டை, கோட்டு, வார், துப்பாக்கி. உள்ளே சிந்தியதை வெளியே அடிக்கும் நிறம் மூடிக்கொள்ளும். பிறகு எல்லார் மேலும் ஒரே பழுப்பு வாஷ். முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள், ஐப்பசியில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கண் வைக்க வேண்டாம். வாஷ் இறங்கிய குழியே கண் மாதிரித் தெரியும்.

2019-இல் சிட்டாடல் என்ற பெயின்ட் பிராண்ட் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் இந்த நிறம், நிழல் இரண்டையும் ஒரே பூச்சில் செய்யும், வெளிர் பிரைமர் மேல் அடித்தால். நல்ல சரக்குதான், விலைதான் கடிக்கிறது. அதிகம் வரும் ஒரு நிறத்துக்கு மட்டும் வாங்கலாம்.

பொம்மை நிற்கும் அடித்தட்டை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். முகம் சுமாராக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள், வெறும் கறுப்புத் தட்டில் நின்றால் அரைகுறை என்று தெரிந்துவிடும். எனக்கு மணல் சில்வர் பீச்சிலிருந்து. டீ வடிகட்டியில் சலித்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவைத்தேன். அலசாவிட்டால் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாக வரும். ஃபெவிகால் தடவி மணலில் முக்கி, காய்ந்ததும் பழுப்பு அடித்து, தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு மிச்சமிருக்கும் வெளிர் நிறத்தை மேலே உரசினால் தேவனாம்பட்டினம் வந்துவிடும்.

இப்படிச் செய்து மீதி 59 பேரில் 58 பேரை ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். கடைசி ஆள் லாலி. தளபதியை நன்றாகச் செய்யலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். நிஜ லாலிக்கு 1766-இல் பாரிசில் தலையை வெட்டினார்கள். என் லாலிக்குத் தலையே இன்னும் ஒட்டவில்லை.