ஆரம்ப விலை லேப்டாப்பில் வரும் 8 ஜிபி ரேம், கொடுக்கிற காசுக்குப் போதுமானதா?

நாற்பதாயிரம் ரூபாய்க்குள் லேப்டாப் தேடுகிறேன், பார்க்கிற எல்லாவற்றிலும் 8 ஜிபி ரேம்தான் போட்டிருக்கிறான், இந்த விலைக்கு இது நியாயமா, நாலு வருஷம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலு தடவையாவது எங்கள் கடைக்கு வருகிறது. பெரும்பாலும் வாங்கி முடித்து, வாரண்டியும் முடிந்த பிறகுதான் வருகிறது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேம் என்பது கணினி வேலை பார்க்கும்போது வேண்டியதை எடுத்துப் பரப்பிக்கொள்கிற இடம். 8 ஜிபி இன்றைக்கு ஓடும். நாலு வருஷத்துக்கு ஓடுமா என்றால், படிக்கிற பிள்ளைக்கு ஓடாது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. கையில் இருக்கிற காசுக்குக் குறைவாக வாங்கி, பிறகு கூட்டிக்கொள்வது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். வீடு கட்டுகிறவர்கள்கூட மாடிக்குக் கம்பியை விட்டுவைத்துத்தானே கீழ்த்தளத்தை முடிக்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது, கூட்டவே வழியில்லாத 8 ஜிபியை அதே விலைக்கு விற்பதுதான்.

சென்ற ஆண்டு மாசி மாதம், காலேஜ்களில் ப்ராஜெக்ட் நேரம். முக்கூடல் பக்கமிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அம்மா பீடி சுற்றுகிறவர். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் துண்டைச் சுற்றி லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார்கள், ஒரு கீறல் இல்லை. "ரெண்டு வருஷம்கூட ஆகல அண்ணாச்சி, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தா அப்படியே நின்னுருது" என்றாள் அந்தப் பெண். போனுக்குச் செயலி எழுதுகிற மென்பொருள் அது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி 94 சதவீதம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் 2.1 ஜிபி. இந்த விலை லேப்டாப்புகளில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் தனக்கு வேண்டியதை ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சில மாடல்களில் அப்படி 2 ஜிபியை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிடுவார்கள். ஆக பெட்டியில் 8 என்று அச்சடித்திருந்தாலும் அந்தப் பெண் கையில் இருந்தது ஆறுகூட இல்லை. அதில் பாதியை விண்டோஸ் பிடித்துக்கொள்கிறது. மிச்சத்தில் குரோம், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதற்குள் ஒரு போனையே கணினியில் ஓட்டிக் காட்டும் எமுலேட்டர். எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட வேண்டுமானால் 16 ஜிபி வேண்டும் என்று அதைத் தருகிற கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

அதே பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று இன்னொரு வரி. கழற்றி மாட்டுகிற ரேமாக இருந்தால் 'எஸ்ஓ-டிம்' என்று காட்டும். இதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தது. போர்டிலேயே வைத்துப் பற்றவைத்த ரேம். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மா, "சீட்டு எடுத்து வாங்குனது தம்பி. இன்னும் ரெண்டாயிரம் மூவாயிரம் ஆனாலும் பரவாயில்ல, கூட்டிக் குடுத்துருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததால், பின்மூடியைக் கழற்றி அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று திருகுகளை எடுத்தேன். கீழ்ப்பாதி முழுக்க பேட்டரி. மேலே ஃபேன், பக்கத்தில் ப்ராசஸர், அதை ஒட்டி நகம் அளவுக்குக் கறுப்புச் சில்லுகள். சுற்றிலும் எங்கும் ரேம் செருகுகிற ஸ்லாட் இல்லை. ஒரு ஸ்லாட் வைக்க மனசு இருந்திருந்தால் இடம் இருந்தது என்றே எனக்குப் பட்டது.

ரேம் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? "அக்கா, மடியில நீங்க வச்சிருக்கிற சுளகு மாதிரி இது. வெட்டின இலையும் தூளும் சுளகுல இருக்கிறவரை கை நிக்காம ஓடும். சுளகு சின்னதா இருந்தா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் மூலையில இருக்கிற கட்டைப் பிரிச்சு எடுத்துட்டு வரணும். அப்பத்தான் இது நிக்குது" என்றேன். உண்மையும் அதுதான். ரேம் நிறைந்ததும் விண்டோஸ் அப்போதைக்குத் தேவையில்லாததை, ஃபைல்களைச் சேமித்துவைக்கிற எஸ்எஸ்டியில் எழுதிவைத்துவிட்டு, வேண்டியபோது திரும்ப எடுக்கிறது. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமின் பக்கத்தில்கூட வராது. அந்த அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சுளகை மாத்த முடியாதோ தம்பி?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. டவுனில் ரத வீதிப் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற ஒருவர், 2023இல் ஒரு கனமான பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதுவும் 8 ஜிபிதான், ஃபோட்டோஷாப்பில் நாலு பக்கம் திறந்தால் திணறுகிறது. மூடியைத் திறந்தால் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் ஒன்று அப்போது இரண்டாயிரத்துக்குள் கிடைத்தது. சாய்வாகச் செருகி மெல்லக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று பிடிக்கும். பத்து நிமிஷ வேலை. இரண்டு ரேமும் ஒரே அளவில் ஜோடியாக ஓடுவதால் உள் கிராஃபிக்ஸுக்கும் கொஞ்சம் தெம்பு கிடைத்தது. இன்றுவரை அதில்தான் வேலை பார்க்கிறார். வாங்கும்போது இரண்டு லேப்டாப்பிலும் ஒரே 8 ஜிபிதான். ஒன்றுக்கு வழி இருந்தது, ஒன்றுக்கு இல்லை.

இனி விலை நியாயமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஆப்பிளைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2020இல் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலில் 8 ஜிபி. 2023 கடைசியில் எம்3 சிப்போடு வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோ இங்கே 1,69,900 ரூபாய், அதன் ஆரம்ப மாடலிலும் 8 ஜிபிதான். 16 வேண்டுமென்றால் இருபதாயிரம் கூடுதல். பிறகு மாட்டவும் முடியாது, வாங்கும் அன்றே முடிவு செய்தாக வேண்டும். அந்த ரேம் ப்ராசஸரோடு ஒட்டி வருகிற வகை, நம் கடையில் விற்கிற குச்சி ரேமோடு அப்படியே ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனால் 2024 அக்டோபரில் அதே கம்பெனி எம்3 மேக்புக் ஏரின் ஆரம்ப மாடல்களை விலை ஏற்றாமலே 16 ஜிபியாக மாற்றியது. அதே மாடல், அதே விலை. நேற்றுவரை இருபதாயிரத்துக்கு விற்றதை இன்று சும்மா சேர்த்துத் தர முடிகிறது என்றால், அந்த இருபதாயிரம் ரேமின் அடக்க விலை இல்லை என்பது தெளிவு. அதற்கு முன்னால் வாங்கியவர்களை நினைத்துத்தான் எனக்கு ஆற்றாமை.

விண்டோஸ் லேப்டாப் கம்பெனிகள் இதையே வேறு விதமாகச் செய்கின்றன. ரேமுக்கு மட்டும் தனியாகக் காசு கேட்பதில்லை. 16 ஜிபி வேண்டுமென்றால் கூடவே பெரிய ப்ராசஸர், பெரிய எஸ்எஸ்டி என்று சேர்த்துக் கட்டி, பத்து பன்னிரண்டாயிரம் ஏற்றிய அடுத்த மாடலைக் காட்டுவார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ப்ராசஸர் போதும், ரேம் மட்டும்தான் வேண்டும். அதை மட்டும் வாங்க அங்கே வழி இல்லை.

இப்போது நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. உலகத்தில் ரேம் சில்லுகளைப் பெரும்பகுதி செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய ரேமில் அவர்களுக்கு லாபம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் 'க்ரூஷியல்' சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. நாங்கள் வருஷக்கணக்காக வாங்கி மாட்டிய பெயர் அது. இரண்டாயிரத்துக்குள் போட்டுக் கொடுத்த குச்சியை அதே விலைக்கு இப்போது என்னால் தர முடியவில்லை. அதனால் 'ஸ்லாட் இருக்கிறதல்லவா, அடுத்த மாதம் கூட்டிக்கொள்ளலாம்' என்று அவசரப்பட வேண்டாம். ஸ்லாட் இருந்தால் விலை இறங்கும்வரை நீங்கள் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் காத்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

யாருக்கு 8 போதும்? டைப்பிங், பிரிண்ட், டேலி, ஆன்லைன் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி படிக்க வீடியோ பார்ப்பது, இவற்றுக்குத் தாராளமாகப் போதும். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் விண்ணப்பம் எழுதித் தருகிறவர்கள் நாள் முழுக்க 8 ஜிபியில்தான் வேலை பார்க்கிறார்கள், ஒரு குறையும் சொன்னதில்லை. 4 ஜிபி மட்டும் வாங்காதீர்கள். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மைதான். அது விண்டோஸ் எழுந்து நிற்கத்தான் போதும், நீங்கள் வேலை பார்க்க இல்லை. 2024இல் அதே மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த, ஏஐ வேலைகளுக்கான கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 16 ஜிபி கட்டாயம் என்று வைத்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைக்குப் போனால் 'மெமரி எவ்வளவு' என்று கேட்காதீர்கள். '512 இருக்கு சார்' என்பார்கள், அது எஸ்எஸ்டி. 'ரேம் எவ்வளவு, ஆன்போர்டா (போர்டிலேயே பற்றவைத்ததா), ஸ்லாட்டா, காலி ஸ்லாட் எத்தனை' என்று கேளுங்கள். விற்பனைப் பையனுக்குப் பல நேரம் தெரியாது, அவனைக் கோபித்துப் பயன் இல்லை. பெட்டியில் இருக்கிற முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் தளத்தில் மெமரி பகுதியைப் படியுங்கள். ரேமின் வகைப் பெயர் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் அநேகமாகப் பற்றவைத்ததுதான். 8 ஜிபி போர்டில், கூட ஒரு ஸ்லாட் காலி என்று சில மாடல்கள் வருகின்றன. உங்கள் பட்ஜெட்டுக்கு நான் முதலில் தேடச் சொல்வது அதைத்தான்.

அது கிடைக்காவிட்டால், ஆபீஸ்களிலிருந்து வருகிற பழைய லேப்டாப்பையும் பாருங்கள். திங்க்பேட் டி480 மாதிரி. 2018இல் வந்தது, இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கிறது. கனமாக இருக்கும், பேட்டரியைப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் திறந்தால் வேலை செய்ய இடம் இருக்கும். புதுசுதான் வேண்டும் என்று வீட்டில் நின்றால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன், அந்த ஆசையும் நியாயமானதுதான்.

அந்த முக்கூடல் பெண்ணுக்கு ரேம் கூட்ட முடியவில்லை. கணினி திறக்கும்போதே கூடவே ஓடத் தொடங்குகிற தேவையில்லாதவற்றை எல்லாம் நிறுத்தினேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியதைக் குறைக்கலாம் என்று பார்த்தேன், அந்த மாடலில் அதற்கும் வழி விடவில்லை. கடைசியில் எமுலேட்டரையே விட்டுவிடச் சொன்னேன். அம்மாவின் போனை வாங்கி, டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு, கேபிளில் இணைத்தோம். அவள் எழுதிய செயலி நேராக அந்தப் போனில் திறந்தது. மெமரி எண்பதுக்குக் கீழே இறங்கியது. ப்ராஜெக்ட் முடிகிறவரை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் அவளிடம்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் கடை வாசலிலேயே பேசி முடிவு செய்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.