‘பெயர் போட வேண்டாம்’: உள்ளாடை வாங்குவது பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை உள்ளாடை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். வந்த எல்லாவற்றிலும் ஒரு வரி பொதுவாக இருந்தது: ‘பெயர் போட வேண்டாம்.’ போடவில்லை. ஊர் மட்டும் இருக்கிறது. அதையும் இரண்டு பேர் மறைக்கச் சொன்னதால் பக்கத்து ஊராக மாற்றிவிட்டேன். நான் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஓர் உள்ளாடைத் தொழிற்சாலையில் நாலு வருஷம் தரம் பார்க்கும் பிரிவில் நின்றவள். நாள் முழுக்க ஜட்டியை இழுத்து, புரட்டி, தையல் பார்த்த கை இது. வெட்கமெல்லாம் முதல் வாரத்திலேயே போய்விட்டது.

கேள்வி: நான் ஓட்டோ ஓடுறன். காலையில ஏறினா இரவுதான் இறக்கம். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில தொடை இடுக்கு வெந்து, நடக்கவே ஏலாமப் போகுது. எந்த ஜட்டி நல்லம்? – களுவாஞ்சிகுடி

தம்பி, முதல் எதிரி உங்கள் சீற். ரெக்சின் காற்றை விடாது. கீழிருந்து சூடு, மேலிருந்து உடம்பு, நடுவில் வேர்வை. சீற்றுக்கு மேல் பழைய பருத்திச் சாரம் ஒன்றை நாலாக மடித்துப் போடுங்கள். நாளுக்கு ஒன்று மாற்றுங்கள்.

அடுத்தது ஜட்டியின் வடிவம். சாதாரண வெட்டு ஜட்டியின் கால் இலாஸ்டிக் சரியாக அந்த இடுக்கு மடிப்பில்தான் இருக்கும். இருந்து எழும்ப எழும்ப அதே இடத்தை உரசும். தொடையில் கொஞ்சம் இறங்கி நிற்கிற கால் வைத்த ஜட்டி, அரைக் காற்சட்டை மாதிரி இருக்குமே, அதை எடுங்கள். தோலுக்கும் தோலுக்கும் இடையில் துணி வந்துவிட்டால் உரசல் அரைவாசி குறையும். லேபலில் பருத்தி 95 வீதம், எலாஸ்டேன் (இழுபட்டுத் திரும்பும் நூல்) 5 வீதம் என்று இருந்தால் நல்லது. அந்த 5 வீதம் இல்லாவிட்டால் கால் பகுதி தளர்ந்து மேலே சுருண்டு, நீங்கள் போட்டதே வெட்டு ஜட்டி ஆகிவிடும். வழுவழுப்பான பொலியெஸ்டர் ‘ஸ்போர்ட்ஸ்’ வகை சீக்கிரம் காயும். ஒரு மணித்தியாலம் பந்தடிக்கச் சரி. பத்து மணித்தியாலம் ரெக்சினில் குந்தியிருக்கச் சரிவராது. பகலில் ஒருதரம் மாற்ற, ஓட்டோவுக்குள் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

ஆனால் இறுகப் பிடிக்கிற அளவில் எடுக்க வேண்டாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018இல் ஹார்வார்ட் ஆய்வாளர்கள் 656 ஆண்களைப் பார்த்ததில், தளர்வான உள்ளாடை போடுகிறவர்களின் விந்தணுச் செறிவு 25 வீதம் கூடுதலாக இருந்தது. பயப்பட வேண்டாம், இறுக்கமாகப் போட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு அளவு சாதாரண எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் பிள்ளைக்குக் காத்திருக்கிற ஆள் என்றால் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இது.

ஒன்று மட்டும்: ஓரம் சிவந்து வட்டமாகப் பரவுகிற படை என்றால் ஜட்டி மாற்றி மாறாது. பார்மசியில் ‘சொறிக்கு ஒண்டு தாங்க’ என்று கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் இரண்டு நாள் அடங்கும், பிறகு முன்னையதைவிட மோசமாகக் கிளம்பும். ஆசுபத்திரியில் தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எப்பவும் 36 பி தான் வாங்குறன். தோள் பட்டி கழண்டு விழுது, இறுக்கினா தோளில் தடம் பதியுது. பாடம் எடுத்து முடியக்குள்ள முதுகு நோகும். கடையில் ஆம்பிளைப் பிள்ளையள்தான் நிக்கிறாங்க, விளக்கமாக் கேக்க ஏலாது. – ஆரையம்பதி, ஆசிரியை

டீச்சர், பிழை பட்டியில் இல்லை, எண்ணில். பிராவில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டை. அது தளர்ந்தால் வேலை தோளுக்குப் போகும். தோள் பட்டி விழுவதும் தடம் பதிவதும் அதனால்தான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். பின் பட்டை முன்பக்கத்தைவிட மேலே ஏறி வளைந்து நிற்கிறதா? அப்படியென்றால் 36 உங்களுக்குப் பெரிது.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, தையல்காரர் நாடா எடுத்து இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, மார்புக்குக் கீழே, மூச்சை விட்டபின் இறுக்கமாக. இரண்டு, மார்பு முன்னால் நிறைந்து நிற்கும் இடத்தில், இறுக்காமல். இனிக் குழப்பம் தருகிற விஷயம்: 34 என்ற எண் உங்கள் உடம்பின் அங்குலம் இல்லை. கீழ்ச் சுற்றளவு 30 அங்குலம் உள்ளவருக்கு நம் கடைகளில் உள்ள பெரும்பாலான பெட்டிகளில் 34 என்றுதான் வரும். 75 என்று அச்சடித்த ஐரோப்பிய அளவும் அதே 34தான். அங்கே சென்ரிமீற்றரில் உள்ள கீழ்ச் சுற்றளவையே போடுவார்கள். பெட்டியின் பின்பக்க அட்டவணையை வாசித்துத்தான் எடுக்க வேண்டும்.

கிண்ண எழுத்துக்கு, மார்பு அளவில் இருந்து பட்டை எண்ணைக் கழியுங்கள். 1 அங்குலம் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி. கீழ்ச் சுற்று 30, மார்பு 37 என்று வைப்போம். பட்டை 34, வித்தியாசம் 3. ஆக 34 சி. ‘சி’ என்றதும் பெரிய உடம்புக்காரிக்கு என்று நினைக்கிறார்கள். இல்லை. 36 பியின் கிண்ணமும் 34 சியின் கிண்ணமும் கொள்ளளவில் ஒன்றுதான், பட்டை மட்டும் சின்னது. உங்களுக்கு வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

புதிதாக வாங்கும்போது கடைசிக் கொளுக்கியில், அதாவது ஆகத் தளர்வான வரிசையில் பொருந்த வேண்டும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். நாள் போகத் துணி இளகும், அப்போது உள் வரிசைக்குப் போகலாம். கடைக்காரர் உள் வரிசையில் பூட்டிக் காட்டி ‘சரியா இருக்கு அக்கா’ என்றால் விட்டுவிட்டு வாருங்கள். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளை தெரியும். தோல் நிறத்துக்குக் கிட்டின நிறம் தெரியாது.

கேட்கக் கூச்சம் என்றால் சின்னத் துண்டில் ‘34 சி, பருத்தி, கம்பி இல்லாதது’ என்று எழுதி நீட்டுங்கள். மருந்துத் துண்டு மாதிரி வாங்கிப் பார்த்து எடுத்துத் தருவார்கள். அவர்களுக்கும் அதுதான் சுகம். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கல்முனை பஸாரில் குவிச்சு வைச்சு விக்கிற எக்ஸ்போர்ட் மிச்சம் நம்பி வாங்கலாமா? லேபல் எல்லாம் வெட்டியிருக்கு. – மருதமுனை

வாங்கலாம், குனிந்து பொறுக்கத் தெரிந்தால். எங்கள் மேசையில் ஒதுக்கியவற்றில் பலது போடுவதற்குக் குறையில்லாதவை: நிறம் ஒரு பங்கு மங்கல், லேஸ் பூ ஒரு பக்கம் நேரில்லை. லேபலை வெட்டுவது கொம்பனிப் பெயர் வெளியே போகக்கூடாது என்பதற்காக. கஷ்டம் என்னவென்றால் துணி விவரமும் அதோடு போய்விடுகிறது, அளவும் போய்விடுகிறது.

இலாஸ்டிக்கை இரண்டு மடங்கு இழுத்து விடுங்கள். உடனே பழைய நீளத்துக்கு வர வேண்டும். இழுக்கும்போது ‘கறகற’ என்று சத்தம் வந்தால் அது எங்கோ வருஷக்கணக்காகக் கிடந்து காய்ந்த சரக்கு. இரண்டு கழுவலில் அலைபோல் நெளியும். துணியை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், ஊசி ஓட்டை வரிசை தெரிந்தால் அங்கேதான் கிழியும். பெண்களுக்கான ஜட்டியில் நடுவில் உள்ளே வைத்த இரட்டைத் துணி பருத்தியாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மேலே நைலோன், லேஸ் எதுவாகவும் இருக்கட்டும், அந்த இடம் மட்டும் பருத்தியாக இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் ஒன்று மட்டும் வாங்கி, வீட்டில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணி போல் கட்டினால் பிளாஸ்டிக் நூல்.

கேள்வி: கலியாணம் முடிச்சு வந்த வீட்டில உள்ளுடுப்பை வெளியில காயப்போட விடமாட்டாங்க. சாரிக்கு அடியில போடச் சொல்லுவா மாமி. மாரியில மூண்டு நாளாகியும் ஈரம். – வந்தாறுமூலை

என் அம்மாவும் அப்படித்தான். முதலில் ஜட்டி, அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் துவாய். கடைசியில் துவாய்தான் காயும். ஈரமான உடுப்பைப் போடுவதும் பூஞ்சணத்துக்குப் பாய் விரிப்பதும் ஒன்று. மாமியோடு சண்டை வேண்டாம். கிளிப் தொங்கும் வட்ட ஹாங்கர் ஒன்று வாங்கி, கிணற்றடிப் பக்கம் கூரை விளிம்பில் கொளுவி, சுற்றிவர மெல்லிய சால்வை ஒன்றை விடுங்கள். காற்று நுழையும், கண் நுழையாது. உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போடுங்கள். மழை விடாத கிழமையில் பருத்தி ஜட்டிக்கு உள்பக்கம் இஸ்திரி போடலாம், பிராவுக்கு வேண்டாம். கழுவும்போது மணத்துக்காக ஊற்றும் சொஃப்ட்னர் துணியில் படலமாகப் படிந்து வேர்வை உறிஞ்சுவதைக் குறைக்கும். உள்ளுடுப்புக்கு அது தேவையில்லை.

கேள்வி: மூண்டு வாங்கினன், ஒண்டு தையல் விட்டுப்போச்சு. ‘உள்ளுடுப்பு மாத்த மாட்டம்’ எண்டுட்டாங்க. – அக்கரைப்பற்று

போட்டுப் பார்த்ததை மாற்ற மாட்டோம் என்பதில் நியாயம் இருக்கிறது. தையல் விட்டது வேறு கதை. பில் இருக்கிறதா? கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. பில்லோடு போய்த் தன்மையாகக் கதையுங்கள், முதலாளி நிற்கிற நேரமாகப் பார்த்து. சரிவராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். இனிமேல் எந்தக் கடையிலும் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, நாலு தரம் கழுவிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டில இருந்து வாற அவருக்கு வாங்கி வைக்கணும், அளவு தெரியாது. கேட்டா சிரிப்பார். – வாழைச்சேனை

அவருடைய பழைய காற்சட்டை அலுமாரியில் இருக்கும். இடுப்புப் பட்டியில் 34 என்று இருந்தால், ஜட்டிப் பெட்டியில் 85 சென்ரிமீற்றர் பாருங்கள். வருஷக்கணக்காக அங்கே இருந்தவர் என்றால் 90உம் ஒன்று எடுத்து வையுங்கள்.